ம்பூமும் அதன் பெரிய இடத்து உறவினர்களும்

செனகல் நாட்டின் உட்பகுதியில், காவ்லாக், ஃபாத்திக் ஆகிய நகரங்களைச் சூழ்ந்துள்ள நிலக்கடலைச் சமவெளியில், பொழுது சாய்ந்தபின் உண்ணப்படும் ‘ம்பூம்’ என்னும் கீரைக் குழம்பு, ஒரு குழம்புக்கு வேண்டிய குணங்களுள் அழகு ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் உடையது. முருங்கைக்கீரையை வேகவைத்துப் பிழிந்து, இடித்த நிலக்கடலையோடும் கருவாட்டோடும் சேர்த்து நெடுநேரம் கொதிக்கவிட்டு, கம்பு மாவைப் பிசிறி ஆவியில் அவித்த ‘செரே’ என்னும் உதிரியான பண்டத்தின் மேல் ஊற்றி உண்பது வழக்கம். அதன் நிறத்தைப் பச்சை என்று குறிப்பிடுவது கீரையின் மீதுள்ள மரியாதையால் சொல்லப்படுவதேயன்றிக் கண்ணால் கண்டு சொல்லப்படுவது அன்று. நெடுநேரம் அடுப்பில் கிடந்த முருங்கையிலையும் அதனுள் கரைந்துபோன கடலையும் சேர்ந்து உண்டாக்கும் அந்த நிறத்திற்கு எந்தத் துணிக்கடையிலும் பெயர் கிடையாது.

2021ஆம் ஆண்டு டிசம்பரில், மீனும் சோறும் சேர்ந்த ‘சேபு ஜென்’ என்னும் மற்றொரு செனகல் உணவை யுனெஸ்கோ நிறுவனம் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. சேபு ஜென்னின் பெருமையைக் குறைப்பது இங்கு நோக்கமன்று. சிவந்த சோற்றின் நடுவே மீனும் கேரட்டும் கத்தரிக்காயும் மரவள்ளிக்கிழங்கும் கோலம்போட்டாற்போல் அடுக்கப்பட்ட அந்தத் தட்டம் புகைப்படக் கருவிக்காகவே பிறந்தது. எனினும், அதற்கு அடிப்படையான நொய்யரிசி, பிரெஞ்சுக் காலனி ஆட்சி கடலைச் சாகுபடியை ஊக்குவித்துத் தானிய நிலத்தைச் சுருக்கியபின், அக்குறையை ஈடுகட்ட இந்தோசீனாவிலிருந்து கப்பலேறி வந்தது என்பதையும், பிற்காலத்தில் வந்த அந்த அரிசி பட்டியலுக்குள் போய் அமர்ந்துகொள்ள, அதற்கு முன்பே ஊரில் இருந்த கம்பும் கீரையும் வாசலில் நிற்கின்றன என்பதையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. இதற்குக் கூறத்தக்க நியாயமான காரணம் ஒன்று உண்டு. சேபு ஜென் பகலுணவு, ம்பூம் இரவுணவு. பட்டியல் தயாரிக்கும் அலுவலர்கள் பகலில்தான் வேலை செய்கிறார்கள்.

ம்பூமுக்கு இதனால் நேர்ந்த நட்டம் ஒன்றுமில்லை என்றாலும், அதன் உறவினர்களின் செல்வாக்கை அறிந்தவர்களுக்கு இந்நிலை வியப்பளிக்கும். அதற்குள் இடப்படும் பொருள்கள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு காலத்தில் அரசர்களையும் ஆளுநர்களையும் விஞ்ஞானிகளையும் அறக்கட்டளைகளையும் தம் பின்னால் அலையவிட்டவை. ஆனால் அவை ஒரே பானைக்குள் இறங்கிய மறுகணமே அப்பெரிய மனிதர்கள் அனைவரும் ஆர்வமிழந்து கலைந்துபோயினர். இக்கட்டுரையாளரின் துணிபின்படி, அக்குழம்பு கெடாமல் இதுவரை பிழைத்திருப்பதற்கு அதுவே முதற்காரணம்.

சமையல் கடலையைப் பொறுக்குவதில் தொடங்குகிறது. முறத்தில் பரப்பிய பருப்புகளுள் சுருங்கியவை, நிறம் மங்கியவை, பூஞ்சணம் படர்ந்தவை ஆகியவற்றைத் தனியே எறிந்தபின்தான் உரலுக்கு வேலை. இந்த எளிய செயலுக்குப் பின்னால் ஒரு பெருந்துயரம் உண்டு: 1960இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தபோது, அவை தின்ற பிரேசில் நாட்டுக் கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்திருந்த பூஞ்சையின் நஞ்சே காரணம் என்று கண்டறிந்த அறிஞர்கள் அதற்கு ‘அஃப்ளாடாக்சின்’ என்று பெயரிட்டனர். அந்த நஞ்சு ஈரலைப் பழுதாக்குவது. கொதிக்கவைத்தாலும் முழுதாக அழியாதது. ஆகவே முறத்தருகே அமர்ந்து ஒரு பருப்பைக் கையிலெடுத்து ஐயத்தோடு உற்றுப்பார்க்கும் மூதாட்டி நேரத்தை வீணாக்குவதாக நினைப்பவர் அந்த வான்கோழிகளை ஒருகணம் நினைவுகூர்வது நல்லது.

நிலக்கடலையின் தாயகம் தென் அமெரிக்கா. போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டில் அதனை மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குக் கொண்டுவந்தபோது அங்குள்ள உழவர்கள் பெரிதாக வியப்படையவில்லை. மண்ணுக்கடியில் காய்க்கும் ‘பம்பாரா அவரை’ என்னும் பயறு ஏற்கெனவே அவர்கள் நிலத்தில் இருந்ததால், புதிதாக வந்ததை அதன் தூரத்து உறவாக ஏற்று, காலப்போக்கில் பழையதை ஓரங்கட்டவும் செய்தனர். பிறகு 1840களில், மார்செய் நகரத்துச் சவுக்கார ஆலைகளுக்கு எண்ணெய் போதாமல் போயிற்று. எடையில் ஏறக்குறையப் பாதி எண்ணெயாகவே உள்ள கடலையின் மீது பிரெஞ்சு வணிகர்களின் பார்வை விழ, செனகல் பானைகளுக்குப் போகவேண்டியது பிரான்சின் குளியலறைகளுக்குப் போகத் தொடங்கியது. அதே மார்செய்க்கு அதே நூற்றாண்டில் புதுச்சேரித் துறையிலிருந்தும் கடலை மூட்டைகள் சென்றன என்பதால், தென்னாற்காட்டுக் கடலையும் செனகல் கடலையும் ஒரே செக்கில் சந்தித்து ஒரே கட்டிச் சவுக்காரமாகி யாரோ ஒருவருடைய முதுகில் தேய்ந்துபோயிருக்க வாய்ப்புண்டு.

கடலையை விரைவாகத் துறைமுகம் சேர்க்க வேண்டி, டாக்கருக்கும் செயின்ட் லூயிக்கும் இடையே இரயில் பாதை போடப்பட்டு 1885இல் திறக்கப்பட்டது. பாதை தம் நாட்டின் ஊடே போவதை எதிர்த்த கயோர் அரசர் லாட் ஜோர் அடுத்த ஆண்டே போரில் வீழ்ந்தார். ஒரு பருப்புக்காக இரயில் விட்டதும், இரயிலுக்காக ஓர் அரசர் உயிர்விட்டதும் உலக வரலாற்றில் அடிக்கடி நிகழ்வன அல்ல. இத்தகைய முன்கதை உடைய பருப்பு, மாலையில் மர உரலுக்குள் விழுந்து உலக்கையால் இடிபடுகையில் எந்தச் சிறப்பு மரியாதையும் பெறுவதில்லை.

இடிப்பது என்னும் சொல் இங்கு கவனத்திற்குரியது. ம்பூமுக்கு வேண்டியது வறுத்து அரைத்த விழுது அன்று. பச்சையாகவோ, தோல் கழலும் அளவுக்கு மட்டும் சூடுகாட்டியோ இடித்துச் சலித்த, தொட்டால் சற்றே ஈரமாகத் தோன்றும் வெண்ணிற மாவே வேண்டும். உரல் இல்லாத நகரத்து வீடுகளில் மிக்சியைப் பயன்படுத்தலாம் என்றாலும், விட்டுவிட்டு ஓட்டாமல் தொடர்ந்து ஓட்டினால் கடலை தன் எண்ணெயைக் கக்கிக் கணநேரத்தில் களியாக மாறிவிடும்; அதன்பிறகு அதனை மாவாக்கும் வித்தை எந்த நாட்டிலும் இல்லை. வெளிநாட்டு வாசகர்களுக்காக எழுதப்படும் சமையல் நூல்கள் இத்தொல்லையை ஒரே வரியில் தீர்த்து, கடையில் விற்கும் கடலை வெண்ணெயை இரண்டு கரண்டி போடுமாறும், முருங்கை கிடைக்காவிடில் பசலையைப் போடுமாறும், கருவாட்டு வாசனை பிடிக்காவிடில் அதனை விட்டுவிடுமாறும் பரிந்துரைக்கின்றன. இம்மூன்று சலுகைகளையும் ஒருசேரப் பெற்றுக்கொண்டவர் சமைத்து முடித்தபின் பெறுவது சர்க்கரை கலந்த பசலைக் கூழ். அதற்கும் செனகலுக்கும் உள்ள உறவு, அதைக் கிளறியவருக்கும் செனகலுக்கும் உள்ள உறவைப் போன்றது.

அடுத்தது கீரை. முருங்கைக்கீரையை உருவுவது எத்தகைய பணி என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்குவது தேவையற்றது. உருவுவது எளிது என்று சொல்பவர் உருவாதவர் என்பதில் இரு நாட்டுக்கும் கருத்தொற்றுமை உண்டு. காம்பின் நுனியைப் பிடித்து எதிர்ப்புறமாக இழுத்தால் இலைகள் உதிர்கின்றன என்பது கொள்கை. இழுத்தபின் இலையோடு சேர்ந்து வந்துவிட்ட ஈர்க்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்குவது நடைமுறை. பொறுக்கத் தவறிய ஈர்க்கு எத்தனை நேரம் கொதித்தாலும் மனம் மாறுவதில்லை. கடைசியில் விருந்தினரின் பல்லிடுக்கில்தான் அது ஓய்வுபெறும். உருவிய இலையைக் கொதிநீரில் போட்டு, முற்றிய இலையின் கசப்பு நீங்க அந்நீரை வடித்துக் கொட்டி, ஆறியபின் இரு கைகளாலும் இறுக்கிப் பிழிந்தால், கூடை நிறைய இருந்தது ஓர் எலுமிச்சையினும் சற்றுப் பெரிய உருண்டையாகச் சுருங்கி உள்ளங்கையில் அமரும். கீரை உருவ உதவிக்கு அழைக்கப்பட்ட சிறுவர்கள் நம்பிக்கை இழக்கும் கட்டம் இதுவே.

வடித்துக் கொட்டப்பட்ட அந்த நீரோடு சத்தும் போய்விடுவது பின்னர் அறிஞர்களின் வருத்தத்திற்கு உரியதாயிற்று. 1990களின் பிற்பகுதியில், ‘சர்ச் வேர்ல்ட் சர்வீஸ்’ என்னும் தொண்டு நிறுவனம், செனகலில் ஊட்டச்சத்துக் குறைவுற்ற குழந்தைகளுக்கும் தாய்மார்களுக்கும் முருங்கையிலைப் பொடியைக் கொடுத்துப் பார்க்கும் திட்டத்தை மேற்கொண்டது; அதற்குப்பின் முருங்கைக்கு ‘அற்புத மரம்’ என்னும் பட்டம் உலகெங்கும் நிலைத்துவிட்டது. திட்டம் நல்ல திட்டம் என்பதில் ஐயமில்லை. நிழலில் உலர்த்திய பொடி எளிதில் சேமிக்கத்தக்கது, சத்தும் பெரிதளவு தங்குவது. ஆயினும் ‘நெபெதாய்’ என்று வொலோஃப் மொழியில் வழங்கும் அம்மரம் வேலியோரம் நெடுங்காலமாக நின்று, வெட்ட வெட்டத் துளிர்த்து, ஒவ்வோர் இரவும் பானைக்குள் போய்க்கொண்டிருந்தபோது அற்புதமாகத் தோன்றாமல், பொட்டலத்துக்குள் போனபின் அற்புதமாகத் தோன்றியது எவ்வாறு என்பது ஆராயத்தக்கது. அம்மரத்தின் பூர்வீகம் இமயமலை அடிவாரத்து இந்தியா. தேனி மாவட்டத்துப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவான ‘பி.கே.எம்-1’ என்னும் விதை வகை இன்று நைஜர் முதலிய சாஹெல் நாடுகளில் கீரைக்காகவே பயிரிடப்படுகிறது. தமிழ்நாட்டில் காய்க்காக வளர்க்கப்பட்ட அது அங்கே காய்க்குமுன்பே மொட்டையடிக்கப்படுகிறது.

செனகலின் முதல் குடியரசுத் தலைவரும் கவிஞருமான லெயொபோல்ட் செதார் செங்கோர், ஜோவால் என்னும் கடற்கரை ஊரில் 1906இல் ஒரு நிலக்கடலை வணிகரின் மகனாகப் பிறந்தவர். ஆப்பிரிக்கருக்கும் திராவிடருக்கும் பழைய உறவுண்டு என்னும் கருத்தில் பேரார்வம் கொண்டிருந்த அவர், 1974இல் சென்னைக்கு வந்து அதைப் பற்றி உரையாற்றியதோடு, டாக்கர் பல்கலைக்கழகத்தில் இந்திய-ஆப்பிரிக்க ஆய்வுக்கு ஒரு துறையே ஏற்படச் செய்தார். மொழியியலாளர்களுள் பெரும்பாலோர் அவ்வுறவை ஏற்கவில்லை. வேர்ச்சொற்களுக்கிடையே அவர் தேடிய சான்று, அவர் பிறந்த செரேர் இனத்தாரின் அடுக்களையில் முருங்கைக்கீரையாகத் தினமும் கொதித்துக்கொண்டிருந்தது. ஆனால் குழம்பைச் சான்றாக ஏற்கும் மாநாடு எதுவும் அதுவரை கூட்டப்பட்டிருக்கவில்லை.

பானை அடுப்பேறியபின் மணம் தொடர்பான பொருள்கள் வரிசையாக இடப்படுகின்றன. ‘கெச்சாக்’ என்பது சாளை மீனைப் புகையிட்டு உலர்த்திய கருவாடு. ‘யேட்’ என்பது பெரிய கடல்நத்தையின் சதையைப் புளிக்கவைத்து உலர்த்தியது. ‘நெத்தெத்து’ என்பது சவன்னா நிலத்து மரம் ஒன்றின் விதைகளை அவித்துப் புளிக்கவைத்து உருட்டிய கரிய உருண்டை. இம்மூன்றும் தனித்தனியே இருக்கையில் எந்த வீட்டில் எது இருக்கிறது என்பதைத் தெருமுனையிலேயே சொல்லிவிடலாம். மூன்றும் கொதித்துக் கரைந்தபின் அந்த வாடை முழுதும் சுவையாக மாறிவிடுவது உண்மை என்றாலும், மாறும்வரை பொறுத்திருப்பது அண்டை வீட்டாருடைய பண்பாட்டைப் பொறுத்தது. இன்று பல வீடுகளில் மேகி கட்டி இம்மூன்றுக்கும் பதிலாளாக வந்திருக்கிறது. தாளைப் பிரித்து உள்ளே நசுக்கினால் போதும். அதன் உப்பு உடனே தெரியும், ஆழம் தெரியாது.

கருவாடும் வெங்காயமும் கொதிக்கும் நீரில் கடலை மாவைத் தூவியதும் சமையலின் அபாயமான பகுதி தொடங்குகிறது. பச்சைக் கடலையின் புரதம் சூடேறியதும் பாலைப்போல் நுரைத்து எழும்புவதால், ஒரு கண் இமைத்தாலும் குழம்பில் கால்பங்கு அடுப்புக்குச் சொந்தமாகிவிடும். நுரை அடங்கும்வரை மூடியிடாமல் கிளற, சற்று நேரத்தில் மாவு திரிந்து மென்மையான சிறு மணிகளாகத் திரளும். முதன்முறை காண்பவர் குழம்பு கெட்டுவிட்டது என்றெண்ணிக் கலங்குவது இயல்பு, ஆனால் அம்மணிகளே குழம்பின் உயிர். இதற்குப்பின் பிழிந்து நறுக்கிய கீரையும், வேகவைத்த காராமணியும் சேர்கின்றன. தீயைத் தணித்துவிட வேண்டும். கெட்டியான குழம்பின் அடியில் ஆவி தேங்கி, மேலே பெருங்குமிழாக எழுந்து வெடித்து, கிளறுபவரின் முன்னங்கையைக் குறிபார்த்துத் துளியொன்றை எறியும். கரண்டியை எடுத்தால் அடிபிடிக்கும், எடுக்காவிட்டால் கை பொத்துவிடும். நீண்ட பிடியுள்ள மரக்கரண்டி அங்கு ஏன் பயன்படுகிறது என்ற கேள்விக்கு மானிடவியல் விளக்கம் எதுவும் வேண்டியதில்லை.

மேற்பரப்பில் ஒரு மிளகாய் மட்டும் முழுதாக மிதக்கவிடப்படுகிறது. ‘கானி’ எனப்படும் அந்தச் சுருங்கிய முகமுடைய குடைமிளகாய்க் குட்டி, தோல் கிழியாதவரை பழவாசனையை மட்டும் குழம்புக்குத் தந்து சாதுவாக மிதக்கும். கரண்டி பட்டுக் கிழிந்தால் குடும்பத்திலுள்ள சிறுவர்கள் அன்றிரவு வெறுங்கம்பைத் தின்ன நேரிடும். பொதுவாக அதனை வெளியே எடுத்து வைத்துவிட்டு, விரும்பியவர் விரும்பிய அளவு கிள்ளிக்கொள்ள விடுவர். கிள்ளிய விரலால் கண்ணைத் தேய்த்துக்கொள்வது விருந்தினர்களுக்கு மட்டுமே உரிய உரிமை. எவ்வளவு நேரம் கொதிக்கவைக்க வேண்டும் என்பதற்கு நிமிடக் கணக்கு கேட்பவர்க்கு விடை கிடைக்காது; பச்சைக்கடலையின் புல்வாடை அறவே நீங்கி, குழம்பின் விளிம்பில் எண்ணெய் மெல்லிய கோடாகப் பளபளக்கும்போது இறக்க வேண்டும். எண்ணெய் தனியாக ஊற்றாத வீடுகளிலும் அக்கோடு தோன்றும். மார்செய் வணிகர்கள் கப்பலனுப்பிப் பிழிந்தெடுத்ததைக் கடலை இங்கே தானாகவே கொடுத்துவிடுகிறது.

இதற்கிடையில் செரே தயாராகியிருக்க வேண்டும். கம்பு மாவில் நீரைத் தெளித்து, சுரைக்குடுக்கையில் உள்ளங்கையால் சுழற்றி, கடுகளவு மணிகளாக உருட்டி, துளையிட்ட பானையில் போட்டு, அதனை நீர் கொதிக்கும் பானையின் மேல் ஏற்றி, இரண்டுக்குமிடையே ஆவி தப்பாதபடி மாவுத்திரியோ ஈரத்துணியோ சுற்றி அவிப்பர். ஒருமுறை அவித்து உதிர்த்தபின், பெருக்கமரத்து இலையை உலர்த்தி இடித்த ‘லாலோ’ என்னும் பச்சைப்பொடியைத் தூவிப் பிசைந்து மறுபடி அவிப்பது முறை. லாலோவின் வழவழப்பு கம்பின் வறட்சியைப் போக்கித் தொண்டையில் சிக்காமல் இறங்கச் செய்கிறது. அது இல்லாத செரேவை உண்பவர் நடுவில் பேச முயலாதிருப்பது நலம். கம்பை முதன்முதலில் பயிராக்கியவர்கள் மேற்கு ஆப்பிரிக்க சாஹெல் மக்களே; 4,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கு விளைந்த அது பின்னர் இந்தியாவுக்கு வந்து கூழாயிற்று. காராமணியும் அங்கிருந்தே வந்தது. இரண்டைப் பெற்றுக்கொண்டு முருங்கை ஒன்றைத் திருப்பிக்கொடுத்த இந்தியத் துணைக்கண்டம், கொடுக்கல் வாங்கல் கணக்கில் இன்னும் கடன்பட்டே இருக்கிறது. அமெரிக்கக் கண்டத்துக்குச் சேரவேண்டிய கடலையையும் மிளகாயையும் கணக்கில் சேர்த்தால் இரு தரப்பும் கடனாளிகளாகிவிடும் என்பதால் அப்பேச்சு எடுக்கப்படுவதில்லை.

உண்ணும்போது அகன்ற ஒரே தட்டத்தைச் சுற்றி எல்லாரும் அமர்ந்து, வலக்கையால், அவரவர்க்கு எதிரேயுள்ள பகுதியை மட்டும் உண்பர். பக்கத்திலிருப்பவரின் எல்லைக்குள் விரல் நீட்டுவது நாகரிகமன்று. நடுவிலிருக்கும் மீன் யாருக்கும் சொந்தமன்று என்பதால், அதனை ஆய்ந்து துண்டு துண்டாக ஒவ்வொருவர் பக்கமும் தள்ளிவிடும் அதிகாரம் இல்லத்தரசிக்கு உண்டு. விருந்தோம்பலைக் குறிக்கும் ‘தெரங்கா’ என்னும் சொல்லைச் செனகல் தன் தேசிய அடையாளமாகவே கொண்டாடுகிறது. அதன் நடைமுறைப் பொருள், விருந்தினரின் எல்லைக்குள் மீன் வந்து விழுந்துகொண்டே இருக்கும் என்பதாகும். வயிறு நிறைந்துவிட்டது என்று தெரிவிக்க ‘சூர் நா’ என்பர். அதனை முதல்முறை சொல்லும்போது அடக்கத்தால் சொல்கிறார் என்று கொண்டு மேலும் ஒரு துண்டு தள்ளப்படும். இரண்டாம் முறை சொன்னால் சமையல் பிடிக்கவில்லையோ என்னும் கவலை எழுந்து, அக்கவலையைப் போக்குவதற்காக இரண்டு துண்டுகள் தள்ளப்படும். ஆகவே அனுபவமுள்ள விருந்தினர் சொல்லை நம்பாமல், எழுந்து கைகழுவப் போய்விடுவர். அப்போதும் சிலர் கருவாட்டுத் தலையோடு பின்தொடரப்படுவதுண்டு.